பேக் வாங்கலாமா வேணாமா? கார்டு கேம் பூஸ்டர் பேக் கணக்கு, ஆரம்பத்துல இருந்து

ஹார்த்ஸ்டோன்ங்கற ஆன்லைன் கார்டு கேம் ஆடுற யார்கிட்டயாவது பேக் வாங்கலாமான்னு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் ரெண்டு பதில்ல ஒண்ணுதான் வரும். ஒருத்தர் "சுத்த வேஸ்ட், காசைக் கரியாக்காத"ம்பாரு, இன்னொருத்தர் "மச்சி நான் மூணே பேக்தான் பிரிச்சேன், லெஜெண்டரி விழுந்துச்சு, தைரியமா வாங்கு"ம்பாரு (லெஜெண்டரின்னா இருக்கறதுலயே அரிதான கார்டு). ரெண்டு பேரும் பொய் சொல்லல, அவங்கவங்களுக்கு நடந்ததைச் சொல்றாங்க, ஆனா அதை வெச்சு நீங்க ஒரு முடிவும் எடுக்க முடியாது. ஏன்னா பேக்கோட மதிப்புல பாதிதான் பேக்குக்குள்ள இருக்கு, மீதி பாதி உங்க கலெக்ஷன்ல இருக்கு. ஒரே பேக், ஒரே விலை, புதுசா சேர்ந்தவருக்கு அது நல்ல டீல், ரெண்டு வருஷமா ஆடுறவருக்கு அதே பேக் தண்டம். இது எப்படின்னு கூட்டல் பெருக்கல் மட்டும் வெச்சே சொல்லிடலாம், அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்கு ஹார்த்ஸ்டோனையே எடுத்துக்கறேன். 2014-ல ப்ளிஸார்ட் வெளியிட்ட கேம், நிறைய பேர் ஆடிப் பாத்திருப்பீங்க, அதைவிட முக்கியமா அதோட நம்பர் எல்லாம் வெளிய தெரியும்.

## பேக்குக்குள்ள என்ன இருக்கு

பூஸ்டர் பேக்னா சீல் வெச்ச ஒரு பாக்கெட், உள்ள என்ன கார்டுன்னு பிரிச்சாதான் தெரியும். ஹார்த்ஸ்டோன் பேக்ல 5 கார்டு. கேம்ல சம்பாதிக்கிற 100 கோல்டு குடுத்தும் வாங்கலாம், காசு குடுத்தும் வாங்கலாம். கார்டு நாலு தரம்: காமன், ரேர், எபிக், லெஜெண்டரி. 5 கார்டுல குறைஞ்சது ஒண்ணு ரேராவோ அதுக்கு மேலயோ இருக்கும், இது உத்தரவாதம்.

அதுக்கு மேல இருக்கிற ரெண்டு தரத்துக்கும் சராசரி என்னன்னு 2017 மே மாசத்துல வெளிய வந்துச்சு. அப்ப சீனாவுல, காசுக்கு விக்கிற இந்த மாதிரி லக் அயிட்டம் எல்லாத்துக்கும் சான்ஸ் எவ்வளவுன்னு வெளிப்படையா போடணும்னு ரூல் வந்துச்சு, ஹார்த்ஸ்டோனும் போட்டுச்சு: சராசரியா 5 பேக்குக்கு ஒரு எபிக், 20 பேக்குக்கு ஒரு லெஜெண்டரி. அதே வருஷக் கடைசியில ஆப்பிளும் ஆப் ஸ்டோர்ல இந்த மாதிரி லக் அயிட்டம் விக்கிற எல்லா கேமும் சான்ஸைக் காட்டணும்னு விதி போட்டுச்சு. இது ரெண்டும் ஆட்டக்காரங்களுக்கு நடந்த பெரிய நல்லது, அதுக்கு முன்னாடி ரசிகர்கள் ஆயிரக்கணக்குல பேக் பிரிச்சு அதைக் குறிச்சு வெச்சுதான் இந்த நம்பரைக் கண்டுபிடிச்சுட்டு இருந்தாங்க.

ஆக ஒரு சராசரி பேக்ல சுமாரா 3.6 காமன், 1.15 ரேர், 0.2 எபிக், 0.05 லெஜெண்டரி. 0.05 லெஜெண்டரின்னு ஒரு கார்டு கிடையாது, 20 பேக்ல ஒண்ணு வருதுங்கறதை ஒரு பேக்குக்குப் பிரிச்சா அவ்வளவுதான். இந்த நாலு நம்பரை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் இதைத்தான் உபயோகிக்கப் போறோம்.

## பெட்டிக்கடை பிரைஸ் அட்டை

பெட்டிக்கடையில பிரைஸ் அட்டை தொங்கும், பாத்திருப்பீங்க. பெரிய அட்டை, அதுல சின்னதா மடிச்சு ஒட்டின சீட்டு வரிசையா இருக்கும், காசு குடுத்து ஒண்ணைக் கிழிச்சா உள்ள நம்பர், அந்த நம்பருக்கு பலூனோ மிட்டாயோ கிடைக்கும், உச்சியில பெரிய பிரைஸ் ஒண்ணு எல்லாரையும் பாத்துட்டே இருக்கும். அட்டையில 100 சீட்டு, பெரிய பிரைஸ் ஒரே சீட்டுன்னு வெச்சுக்குவோம். 60 சீட்டு கிழிஞ்சும் பெரிய பிரைஸ் போகலன்னா மிச்ச 40-ல அது இருந்தே ஆகணும். நூத்துல ஒண்ணா இருந்த சான்ஸ் இப்ப நாப்பதுல ஒண்ணு. கிழிச்ச சீட்டு திரும்ப அட்டைக்குப் போகாது, அதனால ஒவ்வொரு தோல்வியும் அடுத்தவரை ஜெயிக்கறதுக்குப் பக்கத்துல கொண்டு போகுது.

பேக் பத்தி பேசறவங்க நிறைய பேர் மனசுல இந்த அட்டைதான் ஓடுது. "இவ்வளவு பிரிச்சாச்சு, அடுத்ததுல வந்தே தீரும்"னு சொல்றது அதனாலதான். ஆனா அடிப்படையில பேக் வேற மாதிரி வேலை செய்யுது: நீங்க கிழிச்ச சீட்டை கடைக்காரர் திரும்ப ஒட்டி, மொத்த அட்டையையும் கலைச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுறாரு. ஒவ்வொரு பேக்கும் புது அட்டை. முன்னாடி என்ன வந்துச்சு வரலங்கறது அதுக்குத் தெரியாது. இதை கணக்குல சார்பில்லாத நிகழ்வும்பாங்க, ஒண்ணு இன்னொண்ணைப் பாதிக்காதுன்னு அர்த்தம்.

பேக்குக்கு 5 சதவீதம் சான்ஸ், வேற எந்த உத்தரவாதமும் இல்லன்னு வெச்சா என்ன ஆகும்னு பாருங்க. 20 பேக் பிரிச்சும் ஒரு லெஜெண்டரி கூட வராத சான்ஸ் கிட்டத்தட்ட 36 சதவீதம். மூணு பேர்ல ஒருத்தருக்கு மேல. 40 பேக் பிரிச்சும் வராத சான்ஸ் 13 சதவீதம். "20 பேக்குக்கு ஒண்ணு"ன்னு படிச்சுட்டு 20 பேக் வாங்கி ஏமாந்தவங்க யாரும் துரதிர்ஷ்டசாலி இல்ல, சராசரிங்கற வார்த்தை அவங்களுக்கு எந்த வாக்குறுதியும் குடுக்கல, அவ்வளவுதான். சராசரிங்கறது ஆயிரக்கணக்கான பேக்கைக் கொட்டி எண்ணினா வர்ற நம்பர், உங்க கையில இருக்கிற 20-ஐப் பத்தி அது பேசவே இல்ல.

ஆனா இங்கதான் சமாச்சாரம் சுவாரசியமா ஆகுது, ஹார்த்ஸ்டோன் இந்தக் கலைச்சுப் போடற அட்டை மேல மூணு விதி வெச்சு, அதை ஓரளவு நிஜ பிரைஸ் அட்டை மாதிரியே மாத்திடுச்சு.

## மூணு உத்தரவாதம்

முதல் விதி பிட்டி டைமர். ரொம்ப நாளா வராத ஆளுக்கு கேமே இரக்கப்பட்டு ஒண்ணு குடுக்கற கவுன்ட்டர். 10 பேக்குக்குள்ள ஒரு எபிக், 40 பேக்குக்குள்ள ஒரு லெஜெண்டரி வந்தே ஆகணும். 39 பேக் வரைக்கும் லெஜெண்டரி வரலன்னா 40-வதுல கண்டிப்பா உண்டு. வந்த அடுத்த நிமிஷம் கவுன்ட்டர் பூஜ்யத்துக்குப் போயிடும். இதுல நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, கவுன்ட்டர் ஒவ்வொரு செட்டுக்கும் தனித்தனி. செட்டுன்னா ஒண்ணா வெளியிடற புது கார்டுத் தொகுப்பு, எக்ஸ்பான்ஷன்னும் சொல்வாங்க. இந்த எக்ஸ்பான்ஷன்ல 30 பேக் பிரிச்சுட்டு அடுத்த எக்ஸ்பான்ஷனுக்குத் தாவினா அந்த 30 கூட வராது, பழைய செட்டுலயே உறங்கிட்டு இருக்கும், நீங்க திரும்பி வந்தா அங்க இருந்து தொடரும்.

ரெண்டாவது, முதல் 10 பேக் விதி. 2017 ஆகஸ்ட்ல இருந்து, ஒரு எக்ஸ்பான்ஷன்ல நீங்க பிரிக்கிற முதல் 10 பேக்குக்குள்ள ஒரு லெஜெண்டரி உறுதி. சராசரிக்கு 20 பேக் கேக்கற கார்டு இங்க அதிகபட்சமே 10.

மூணாவது டூப்ளிகேட் ப்ரொடெக்ஷன், வந்ததே திரும்ப வராம தடுக்கறது. டெக்ல, அதாவது ஆடறதுக்கு நாம எடுத்துட்டுப் போற கார்டுக் கட்டுல, எந்தக் கார்டும் ரெண்டுக்கு மேல வைக்க முடியாது, லெஜெண்டரின்னா ஒண்ணுதான். முன்னாடி எல்லாம் கையில இருக்கிற லெஜெண்டரியே திரும்ப விழுந்து வயித்தெரிச்சலைக் கொட்டிக்கும். 2017-ல லெஜெண்டரிக்கு அதைத் தடுத்தாங்க, 2020 மார்ச்ல எல்லா தரத்துக்கும் கொண்டு வந்தாங்க. அந்தச் செட்டுல அந்தத் தரத்துல இருக்கிற எல்லா கார்டும் உங்களுக்குக் கிடைக்கிற வரைக்கும் தேவைக்கு மேல ஒண்ணு வராது. இதுதான் அசல் பிரைஸ் அட்டை, கிழிச்ச சீட்டு திரும்ப ஒட்டப்படாது.

சுருக்கமா: எப்ப லெஜெண்டரி வரும்ங்கறது பெரும்பாலும் லக், ஆனா மேல ஒரு வரம்பு இருக்கு. எந்த லெஜெண்டரி வரும்ங்கறதுல ஏற்கெனவே வந்தது கழிஞ்சுட்டே போகும். முதல் 10 பேக் மட்டும் தனி ஜாதி.

## டஸ்ட்: லக்குக்கு வெளிய ஒரு விலை

பேக் லாபமா நஷ்டமான்னு பாக்கணும்னா எதோடயாவது ஒப்பிடணும். அதுக்கு டஸ்ட் இருக்கு. வேண்டாத கார்டை உடைச்சா கிடைக்கிற தூள், அதைச் சேத்து வெச்சு வேணும்ங்கற கார்டை நேரடியா செஞ்சுக்கலாம், அதைத்தான் கிராஃப்ட் பண்றதுங்கறோம்.

காமன் உடைச்சா 5 டஸ்ட், செய்ய 40. ரேர் உடைச்சா 20, செய்ய 100. எபிக் 100-க்கு 400. லெஜெண்டரி 400-க்கு 1600. கோல்டன் கார்டுக்கு எல்லாம் வேற ரேட்டு, அதை இங்க விட்டுடறேன், சேத்தா நம்பர் கொஞ்சம் கூடும், முடிவு மாறாது.

உடைக்கிற விலைக்கும் செய்யற விலைக்கும் இருக்கிற தூரத்தைப் பாருங்க. லெஜெண்டரி, எபிக்ல நாலுல ஒரு பங்குதான் திரும்பி வருது, காமன்ல எட்டுல ஒரு பங்கு. பழைய நகையை வித்து புதுசு எடுக்கிறதைவிட மோசமான கழிவு. அதனால அவசரப்பட்டு எதையும் உடைக்கக்கூடாது. அதுலயும் ஒரு கார்டு ரொம்ப பலமா இருக்குன்னு கேம் கம்பெனி அதோட சக்தியைக் குறைச்சா, அதாவது நெர்ஃப் பண்ணினா, கொஞ்ச நாளைக்கு அந்தக் கார்டை உடைச்சா செய்யற விலை முழுசா கிடைக்கும். உடைக்கலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருந்த எபிக் ஒண்ணு திடீர்னு 100-க்குப் பதிலா 400 குடுக்கும். டஸ்ட் உடனே தேவை இல்லன்னா கார்டு கிடந்துட்டுப் போகட்டும், அது சோறா கேக்குது.

## ஒரே பேக்குக்கு ரெண்டு மதிப்பு

இப்ப அந்த நாலு நம்பரை எடுங்க.

உங்களுக்கு அந்தச் செட்டுல எதுவுமே தேவையில்ல, வர்றதை எல்லாம் உடைக்கப் போறீங்கன்னு வெச்சுப்போம். காமன்ல 18 டஸ்ட், ரேர்ல 23, எபிக்ல 20, லெஜெண்டரியில 20. மொத்தம் 81. இதுதான் பேக்கோட கீழ்மதிப்பு, இதுக்குக் கீழ சராசரி போகாது.

எதிர்ப்பக்கம் பாருங்க. இன்னைக்குத்தான் சேர்ந்தீங்க, எல்லா கார்டும் வேணும், வர்ற ஒவ்வொண்ணும் நீங்க கிராஃப்ட் பண்ணியிருக்க வேண்டிய ஒண்ணு. காமனுக்கு 144, ரேருக்கு 115, எபிக்குக்கு 80, லெஜெண்டரிக்கு 80. மொத்தம் 419. இது மேல்மதிப்பு.

81-ல இருந்து 419 வரைக்கும், அஞ்சு மடங்கு வித்தியாசம், பேக் ஒண்ணுதான்! "பேக் வேஸ்ட்"ங்கறவர் 81 பக்கம் நின்னு பேசறாரு, "வாங்கு மச்சி"ங்கறவர் 419 பக்கம் நின்னு பேசறாரு. நீங்க எங்க நிக்கிறீங்கங்கறதுதான் கேள்வியே, அதைக் கேக்காம குடுக்கற எந்த அட்வைஸும் வேலைக்கு ஆகாது.

இன்னொண்ணையும் கவனிங்க, மேல்மதிப்புல பெரிய பங்கு லெஜெண்டரிக்கு இல்ல. 419-ல 259 காமனும் ரேரும் குடுத்தது. புதுசா வர்றவங்க லெஜெண்டரி வரலன்னு மூஞ்சைத் தொங்கப்போடறாங்க, அதே நேரத்துல அவங்க கலெக்ஷனை நிஜமா தூக்கி நிறுத்தறது கண்ணுல படாத காமனும் ரேரும்தான்.

## மதிப்பு எப்ப இறங்குது

135 கார்டு இருக்கிற ஒரு செட்டை எடுத்துக்குவோம், 2017-ல வந்த எக்ஸ்பான்ஷன் எல்லாம் இந்த அளவுதான்: 49 காமன், 36 ரேர், 27 எபிக், 23 லெஜெண்டரி. லெஜெண்டரி தவிர மத்ததுல ரெண்டு ரெண்டு வேணும்.

காமன் 98 வேணும், பேக்குக்கு 3.6 வருது, ஆக 27 பேக் சுமாருக்கு எல்லா காமனும் முடிஞ்சுடும். அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு காமனும் வெறும் 5 டஸ்ட். பேக்கோட மேல்மதிப்பு 419-ல இருந்து 293-க்கு இறங்கிடுச்சு. ரேர் 72 வேணும், 63 பேக் பக்கம் அதுவும் நிரம்பிடும், அப்ப மதிப்பு 201. பாதிக்கும் கீழ. விலை மட்டும் அதே 100 கோல்டு.

எபிக் முழுசா நிரம்ப 270 பேக், லெஜெண்டரி முழுசுக்கு 460 பேக். யாரும் அதுவரைக்கும் போக வேண்டியதில்ல, போறவங்க வேற காரணத்துக்காகப் போறாங்க. 27, 63 ரெண்டும்தான் உங்களுக்கு வேணும்ங்கற நம்பர், ஏன்னா அங்கதான் படிக்கட்டு மாதிரி மதிப்பு இறங்குது. இதை குறைஞ்சு வரும் பலன்னு சொல்வாங்க, அதே செலவுக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கம்மியா கிடைக்கிறது.

இதுவும் எல்லா கார்டும் வேணும்ங்கறவருக்கான கணக்கு. நம்மள்ல பெரும்பாலானவங்க ஒண்ணு ரெண்டு கிளாஸ்தான் ஆடறோம் (கிளாஸ்னா மேஜ் மாதிரி ஆடறதுக்கு நாம தேர்ந்தெடுக்கிற பாத்திர வகை, ஒவ்வொண்ணுக்கும் தனிக் கார்டு உண்டு). அந்த 23 லெஜெண்டரியை எடுத்துக்கோங்க: அப்ப 9 கிளாஸ், ஒவ்வொண்ணுக்கும் 2, மீதி 5 யார் வேணாலும் வைக்கலாம். நீங்க மேஜ் மட்டும் ஆடறீங்கன்னா 23-ல 7 மட்டும்தான் உங்க டெக்ல வைக்கவே முடியும். மத்த 16-ல ஒண்ணு விழுந்தா திரையில என்னதான் ஜொலிச்சாலும் உங்களுக்கு அது 400 டஸ்ட், அவ்வளவுதான்.

## ஒரே ஒரு கார்டு வேணும்னா

இங்கதான் அதிகமா காசு போகுது, அதனால இதைக் கொஞ்சம் நிதானமா பாத்துடுவோம்.

ஒரு டெக் பாத்தீங்க, பிடிச்சுப் போச்சு, எல்லாம் இருக்கு, ஒரு லெஜெண்டரி மட்டும் இல்ல. பேக் பிரிச்சுப் பிடிச்சுடலாம்னு இறங்கறீங்க. 23 சீட்டு இருக்கிற பிரைஸ் அட்டை, அதுல உங்க சீட்டு ஒண்ணு. டூப்ளிகேட் வராதுங்கறதால சராசரியா 12-வது லெஜெண்டரியா அது வரும். லெஜெண்டரி ஒண்ணுக்கு 20 பேக்குன்னா 240 பேக். முதல் 10 பேக் சலுகை இதைக் கொஞ்சம் குறைக்கும், பெருசா குறைக்காது.

அதே கார்டை டஸ்ட்ல செய்யணும்னா 1600. பேக் பிரிச்சு எல்லாத்தையும் உடைச்சுத் தள்ளினாக் கூட, பேக்குக்கு 81 வீதம் 20 பேக் போதும்.

240-க்கு எதிரா 20. குறிப்பிட்ட ஒரு கார்டுக்காக பேக் வாங்கறது எவ்வளவு பெரிய தப்புன்னு இதைவிடத் தெளிவா சொல்ல முடியாது. இதைப் படிக்கிற பசங்க வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க, அதுவும் அப்பா அம்மா கார்டுல பேமெண்ட் போடற பசங்க. ஒரு பழைய அமெரிக்க விலையை வெச்சுப் பாத்தா, 40 பேக் 49.99 டாலருக்கு வித்தாங்க, பேக் ஒண்ணு 1.25 டாலர். 20 பேக் 25 டாலர், 240 பேக் 300 டாலர். ஒரே படம் போட்ட ஒரே கார்டுக்கு!

சுருக்கமா: நிறைய வகை கார்டு தேவைப்படும்போது பேக் மலிவு. ஒண்ணு ரெண்டு குறிப்பிட்ட கார்டு தேவைப்படும்போது டஸ்ட் மலிவு. ஆரம்பத்துல முதலாவது, போகப் போக ரெண்டாவது.

## எப்ப வாங்கறோம்ங்கறதும் விலைதான்

ஹார்த்ஸ்டோன்ல 2016 ஏப்ரல்ல இருந்து ஸ்டாண்டர்டுனு ஒரு முறை இருக்கு, அதுல நடப்பு வருஷம், போன வருஷம் வந்த எக்ஸ்பான்ஷன் கார்டுதான் செல்லும். வருஷா வருஷம் மார்ச் ஏப்ரல் வாக்குல பழைய வருஷத்து செட் மொத்தமா வெளிய போகும், இதை ரொட்டேஷன்ங்கறாங்க. வெளிய போன கார்டு காணாமப் போகாது, வைல்டுங்கற இன்னொரு முறையில ஆடலாம், ஆனா பெரும்பாலானவங்க ஆடறது ஸ்டாண்டர்டு.

2017 ஏப்ரல்ல வந்த செட்டும் 2017 டிசம்பர்ல வந்த செட்டும் ஒண்ணாத்தான் 2019 ஏப்ரல்ல வெளிய போச்சு. முன்னது 24 மாசம் ஓடுச்சு, பின்னது 16 மாசம். பேக் விலை ரெண்டுக்கும் ஒண்ணே. அதனால கோல்டு சேத்து வெச்சு செலவு பண்றவங்க வருஷத்தோட முதல் செட்டுக்குக் கொஞ்சம் கூட ஒதுக்கறது நல்லது. ரொட்டேஷனுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வெளிய போகப்போற செட்ல பேக் வாங்கறது, ஸ்டாண்டர்டு ஆடறவருக்கு, எந்தக் கணக்குலயும் ஒட்டாது.

## கண்ணு சொல்றதை நம்பாதீங்க

பேக் திறக்கற திரையை ஒரு தடவை நிதானமா கவனிங்க. பேக்கை இழுத்து நடுவுல வெச்சதும் வெடிச்சுத் திறக்கும், அஞ்சு கார்டும் கவுந்து கிடக்கும். மவுஸைப் பக்கத்துல கொண்டு போனா கார்டோட ஓரத்துல வெளிச்சம் வரும், ரேர்னா நீலம், எபிக்னா ஊதா, லெஜெண்டரின்னா ஆரஞ்சு. ஊதா தெரிஞ்சா மனசு படபடங்கும், அதைக் கடைசியில திருப்பலாம்னு வெச்சுட்டு மத்த நாலையும் முதல்ல திருப்புவோம். திருப்பினதும் தரத்தை உரக்கச் சொல்ற ஒரு குரல். அழகா செஞ்சிருக்காங்க, அதை ரசிக்கறதுல ஒரு தப்பும் இல்ல, எனக்கும் அந்தத் திரை ரொம்பப் பிடிக்கும். ஆனா அதுல ஒரு விஷயம் நடக்குது: அந்த வெளிச்சமும் குரலும் தரத்தை மட்டும்தான் சொல்லுது, உங்களுக்கு அந்தக் கார்டு தேவையான்னு அதுக்குத் தெரியாது. நீங்க ஆடவே ஆடாத கிளாஸோட ஆரஞ்சுக்கும் அதே கொண்டாட்டம், உங்க டெக்கை நிஜமா முடிச்சு வைக்கிற காமனுக்கு ஒரு சத்தமும் இல்ல.

பேக் பிரிக்கிற வீடியோவும் இதே கதைதான். ஒரே பேக்ல ரெண்டு லெஜெண்டரி விழுந்தவர்தான் அதைப் போடுவாரு, விழாதவர் போடமாட்டாரு, போட்டாலும் யாரும் பாக்கறதில்ல. நம்ம கண்ணுக்கு வர்றது எல்லாம் ஏற்கெனவே வடிகட்டினது. அதை வெச்சு நமக்கும் அப்படித்தான் விழும்னு எடை போட்டா எப்பவும் தேவைக்கு மேல நம்பிக்கையோடதான் கடைக்குள்ள போவோம்.

## வேற கேமுக்கு இதை எப்படிக் கொண்டு போறது

எல்லா கேம்லயும் டஸ்ட் இருக்காது, ஆனா மூணு விஷயத்தைத் தேடிப் பிடிச்சா போதும். சான்ஸ் எவ்வளவுன்னு போட்டிருக்காங்களா, இத்தனை பேக்குக்குள்ள கண்டிப்பா உண்டுன்னு வரம்பு இருக்கா, லக் இல்லாம கார்டை நேரடியா எடுக்க வழி இருக்கா. மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம், அது இல்லாத கேம்ல பேக்குக்குக் காசு போடாதீங்கன்னுதான் சொல்வேன்.

2024 அக்டோபர்ல வந்த போக்கிமான் டிசிஜி பாக்கெட்டை எடுத்துக்கோங்க. அதுலயும் பேக்குக்கு 5 கார்டு, 12 மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு நாளைக்கு ரெண்டு பேக் இலவசம். ஒவ்வொரு பேக்குக்கும் 5 பேக் பாயின்ட் கிடைக்கும், அந்தப் பாயின்ட்டைக் குடுத்து கார்டை நேரா எடுக்கலாம். ஆட்டத்துக்கு முக்கியமான, பலம் கூடின ஈஎக்ஸ் வகைக் கார்டு சாதா படத்தோட 500 பாயின்ட், அதாவது 100 பேக். உச்சத்துல இருக்கிற கிரவுன் கார்டு 2500, அதாவது 500 பேக். முதல் செட்டுல ஒரு பேக்ல கிரவுன் விழற சான்ஸ் நாலாவது கார்டுல 0.04 சதவீதம், அஞ்சாவதுல 0.16, ரெண்டும் சேந்து 0.2 சதவீதம், அதுவும் 500 பேக்குக்கு ஒண்ணுதான்! லக் வழியும் நேர் வழியும் ஒரே தூரம், அதுலயும் லக் வழியில எந்த கிரவுன்ங்கறதை நீங்க தேர்ந்தெடுக்க முடியாது. இதைப் பாத்த உடனே தெரியணும், அந்தக் கார்டைத் துரத்திக் காசு போடறதுல அர்த்தம் இல்ல. ஆனா ஆடறதுக்கு அது தேவையே இல்ல, அதே சக்தியோட சாதா படம் போட்ட கார்டு கம்மி விலையில இருக்கு.

மேஜிக் அரீனாவுல டஸ்ட்டுக்குப் பதிலா வைல்டு கார்டு, அதைக் குடுத்து அதே தரத்துல எந்தக் கார்டையும் எடுத்துக்கலாம். பேரு வேற, வேலை அதே.

## 3000 கோல்டு கையில இருக்கு, புது செட் இன்னைக்கு வருது

இதுவரைக்கும் பாத்ததை ஒரு ஆளுக்குப் போட்டுப் பாத்துடுவோம். காசு போட விருப்பமில்ல, கோல்டு மட்டும் சேத்து வெச்சிருக்காரு, 30 பேக் வாங்கலாம்.

முதல் 10 பேக்கைக் கண்ணை மூடிட்டு வாங்கலாம். லெஜெண்டரி உறுதி, காமனும் ரேரும் எல்லாமே புதுசு, இந்தச் செட்டுல இதைவிட நல்ல 1000 கோல்டு செலவு கிடையாது. லெஜெண்டரி நாலாவது பேக்லயே விழுந்துட்டா, உறுதி முடிஞ்சுடுச்சு, ஆனா காமன் ரேர் மதிப்பு அப்படியே இருக்கறதால 10 வரைக்கும் போறதுல நஷ்டம் இல்ல.

அங்க நிறுத்திட்டு ஒரு வாரம் பொறுக்கணும். புது செட் வந்த முதல் வாரத்துல எந்த டெக் நிக்கும் எது விழும்னு யாருக்கும் தெரியாது, பரபரப்பா ஓடற டெக்குல பாதி ரெண்டாவது வாரம் இருக்காது. வாரம் கழிச்சு, தான் ஆடப்போற டெக்குக்கு எத்தனை கார்டு குறையுதுன்னு எண்ணணும். நிறைய காமன், ரேர் குறையுதா, ரெண்டு மூணு கிளாஸ் ஆடறாரா, அப்ப அடுத்த 15 பேக் வாங்கலாம், 27-ங்கற படிக்கட்டு வரைக்கும் ஒவ்வொரு பேக்கும் வேலை செய்யும். குறையறது ஒரு லெஜெண்டரியும் ரெண்டு எபிக்கும் மட்டும்தானா, மொத்தம் 2400 டஸ்ட், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஸ்டாண்டர்டை விட்டுப்போன செட்டுல உபயோகிக்காம கிடக்கிற எபிக் லெஜெண்டரியை உடைச்சுப் பாக்கணும், வைல்டு ஆடாதவருக்கு அது அங்கேயே இருக்கும். அப்ப மிச்ச 2000 கோல்டு அடுத்த எக்ஸ்பான்ஷனோட முதல் 10 பேக்குக்கும் அதுக்கு அடுத்ததோட முதல் 10 பேக்குக்கும் இப்பவே ரெடி.

செட்டுக்கு மூணு, நாலுன்னு பிரிச்சுத் தெளிக்கறதை மட்டும் செய்யக்கூடாது. கவுன்ட்டர் தனித்தனிங்கறதால, நாலு செட்டுல மூணு மூணு பேக் பிரிச்சவருக்கு 12 பேக் செலவாகியும் ஒரு உறுதி கூட முடிஞ்சிருக்காது, அதே 12-ல 10-ஐ ஒரே செட்டுல போட்டவர் லெஜெண்டரியோட வெளிய வந்திருப்பாரு. ஏற்கெனவே அப்படித் தெளிச்சுட்டவங்க கவலைப்பட வேண்டாம், அந்த மூணு பேக் எண்ணிக்கை அழியாது, எந்தச் செட் ரொட்டேஷனுக்கு ரொம்ப நாள் தள்ளி இருக்கோ அதுல மிச்ச 7 பேக்கை முதல்ல முடிங்க.

வாங்கறதுக்கு முன்னாடி கேம் கடையில அன்னைக்குப் போட்டிருக்கிற சான்ஸையும் உத்தரவாதத்தையும் ஒரு தடவை படிச்சுக்கோங்க, விதிகளை அப்பப்ப மாத்தறாங்க, 2017-லயும் 2020-லயும் மாத்தினாங்க. நம்பர் மாறினா மேல இருக்கிற அதே கூட்டலைப் புது நம்பரோட போட்டா கீழ்மதிப்பும் மேல்மதிப்பும் வந்துடும்.